மொட்டை மாடிக் கதவும் என் ஸ்மார்ட் கான்ட்ராக்டும்

செய்த தப்பை ஒப்புக்கொள்கிறவர்கள் பெரிய மனிதர்கள் என்று சொல்வார்கள். நான் பெரிய மனுஷி இல்லை. அல்வாலில் எங்கள் அபார்ட்மென்ட்டின் மொட்டை மாடி ஒரு கோடை முழுக்க நாறிப்போனதற்கு நான்தான் காரணம் என்று எங்கள் பிளாக்கில் பால் பாக்கெட் போடுகிறவர் வரைக்கும் நம்புகிறார்கள். நம்பட்டும். என் புரோகிராமில் அன்றைக்கும் தப்பு இல்லை, இன்றைக்கும் இல்லை. எழுதியதை எழுதியபடி அது செய்தது. (எழுதியது யார் என்று கேட்காதீர்கள். கேட்டால் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும்.)

எங்கள் பக்கத்தில் வெயில் ஏறிவிட்டால் மொட்டை மாடிதான் எல்லோருக்கும் இன்னொரு சமையலறை. எங்களைப் போன்ற தமிழ் வீடுகளில் ஜவ்வரிசி வடாம், மோர் மிளகாய். தெலுங்கு வீடுகளில் வடியாலு என்கிற வடகம், ஊறுகாய்க்கு மிளகாய், மாகாய் ஊறுகாய் போட உப்பில் ஊறிய மாங்காய்த் துண்டுகள். வெயில் தாராளமாகக் கிடைக்கும், இடம் கிடைக்காது. பாதி மாடியைத் தண்ணீர்த் தொட்டி எடுத்துக்கொண்டது, மீதியில் டிஷ் ஆன்டெனாக்கள் குடை பிடித்து நிற்கின்றன. மிச்சமிருக்கும் நாலு பாய் அகலத்துக்காக அக்கம்பக்கத்தில் நடக்கும் அரசியலைப் பார்த்தால் சட்டசபை எவ்வளவோ தேவலை.

அந்த அரசியலில் பலியானது என் அம்மா சரோஜாவுக்கும் எதிர் வீட்டுப் பத்மஜா ஆன்ட்டிக்கும் இருந்த சிநேகிதம். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே இருந்த சிநேகிதம் அது. முந்தின கோடையில் அம்மாவின் வடாமுக்குப் பக்கத்தில் ஆன்ட்டி மிளகாயைப் பரப்பினார். காற்று அடித்தது. வெள்ளை வெளேரென்று இருந்த வடாம் இளஞ்சிவப்பாகிவிட்டது. பொரித்துச் சாப்பிட்ட அப்பா அரை மணி நேரம் இருமினார். அம்மா ஏதோ சொன்னாள், ஆன்ட்டி ஏதோ சொன்னார், அவ்வளவுதான், பேச்சு நின்றது. (ஆன்ட்டியின் தமிழ் அம்மாவிடம் கற்றது. அதனால் அம்மாவின் வார்த்தைகளையே எடுத்து அம்மா மேல் எறிவார். அது அம்மாவுக்கு இன்னும் வலித்தது.)

எதிரும் புதிருமான கதவுகள். ஒருத்தி வெளியே வரும் சத்தம் கேட்டால் இன்னொருத்தி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கறிவேப்பிலை மட்டும் பழையபடி இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தது, அப்பாவின் கையில். அம்மா அந்த வருஷம் மிகவும் வாடிப்போனாள். கேட்டால் முட்டிவலி என்பாள்.

நானோ அப்போதுதான் மாதாப்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். புதுச் செருப்புப் போட்டவள் காலைப் பார்த்துக்கொண்டே நடப்பாள் இல்லையா, அந்த நிலை. பயப்பட வேண்டாம், இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பிளாக்செயின் என்பது உலகம் பூராவும் சிதறிக் கிடக்கிற கம்ப்யூட்டர்கள் சேர்ந்து காப்பாற்றும் ஒரே பதிவு. அதில் எழுதியதை யாராலும் அழிக்க முடியாது. அந்தப் பதிவுக்குள் குடியிருக்கும் புரோகிராம்தான் ஸ்மார்ட் கான்ட்ராக்ட். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடு என்று எழுதிப் போட்டுவிட்டால் பிரம்மாவே வந்து சிபாரிசு செய்தாலும் வரிசை மாறாது.

இரண்டு பேரும் சண்டை போடுவது எதற்கு? மாடி யாருக்கு என்று யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. யாருமே முடிவு செய்யத் தேவையில்லை என்றால் சண்டைக்கு ஏது வேலை? இப்படி யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் நடந்த அசோசியேஷன் கூட்டத்தில் போர்வையைத் திரையாகக் கட்டி, ஆபீஸ் புரொஜெக்டரை இரவல் வாங்கி, உரையாற்றினேன். மாடிக் கதவுக்கு எலக்ட்ரானிக் பூட்டு. யார் வீட்டு முறையோ அவர்கள் போனைக் காட்டினால் மட்டும் திறக்கும். தினமும் விடிவதற்கு முன்னால் முறை தானாக அடுத்த வீட்டுக்கு நகரும். “இதுல யாரும் யாரையும் நம்பத் தேவையே இல்லை” என்று முடித்தேன். நம்பிக்கை தேவையில்லை என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன பெண்ணை அல்வால் அதற்கு முன்னால் பார்த்திருக்காது.

அப்பா கடைசி வரிசையிலிருந்து கேட்டார். “ஒரு பூட்டு, ஒரு சாவி, காலண்டர்ல பேரு. போறாதா?”

அவரைப் பார்த்து நான் ஒரு புன்னகை செய்தேன். அந்தப் புன்னகையை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை அறையலாம் போலிருக்கிறது.

பத்மஜா ஆன்ட்டி என்னையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஏமே ரேவதி, நடுவுல யாராவது மாத்திட்டா?”

“மாத்த முடியாது ஆன்ட்டி.”

“உங்கம்மா சொன்னாகூட?”

“நானே நினைச்சாலும் முடியாது ஆன்ட்டி. அதான் இதுல விசேஷமே.”

ஆன்ட்டி தலையாட்டினார். பிரசிடென்ட் ராவ் அங்கிள் கைதட்டினார். பூட்டு வாங்கத் தீர்மானம் நிறைவேறியது.

இப்போது ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் இதை நான் சொல்லவில்லை. (யாரும் கேட்கவில்லை.) ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும் தானாக எழுந்திருக்காது. அதற்குத் தனியாகக் கடிகாரம் கிடையாது. வெளியிலிருந்து யாராவது தட்டினால்தான் கண் திறந்து, வேலையைச் செய்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். இப்படித் தட்டி எழுப்புவதையே தொழிலாகச் செய்யும் சேவைகள் இணையத்தில் உண்டு. நேரத்தைச் சொல்லிவிட்டால் தினமும் வந்து எழுப்பும். அதற்குக் கட்டணம். அந்தக் கட்டணம் ஒரு நிலையில் நிற்காது. ஊர் உலகமெல்லாம் ஒரே நேரத்தில் பிளாக்செயினில் வந்து மொய்த்தால் ஏறும், கூட்டம் கலைந்தால் இறங்கும். மழை நாளில் ஆட்டோ கட்டணம் ஏறுகிற மாதிரிதான். ஆகவே, இதற்கு மேல் தரமாட்டேன் என்று ஓர் உச்ச விலையை நாமே எழுதி வைத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் எங்கள் வம்சம் பேசியது. அல்வாலிலிருந்து திருமுல்கேரிக்கு அம்மா ஆட்டோ பிடிக்கிற அழகை நீங்கள் பார்த்ததில்லை. கேட்டதில் பாதிதான் கொடுப்பாள். “அதுக்கு மேல நக்கோ” என்று எங்கள் ஊர் உருதுவில் வேண்டாம் சொல்லிவிட்டு வானத்தைப் பார்ப்பாள். ஆட்டோ போய்விடும். “போவட்டும், திரும்பி வருவான்” என்பாள். ஆச்சரியம் என்னவென்றால் திரும்பி வருவார்கள். இப்படி ஒரு தாயின் வயிற்றில் பிறந்த நான், அந்தச் சேவை எவ்வளவு உச்ச விலை வைக்கச் சொன்னதோ அதில் சரி பாதியை எழுதினேன். ஒரு சாஃப்ட்வேரோடு பேரம் பேசிய முதல் பெண் நானாகத்தான் இருக்கும்.

அத்தோடு விட்டேனா? எழுப்பும் உரிமை அந்தச் சேவைக்கு மட்டும்தான் என்றும் எழுதினேன். இல்லாவிட்டால் யாராவது வரிசையாகப் பத்துத் தரம் தட்டி, முறையைத் தங்கள் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்களே. கடைசியாக, இதையெல்லாம் திருத்தும் அதிகாரத்தை என்னிடமிருந்தே பிடுங்கித் தூக்கி எறிந்தேன். அந்த பட்டனை அழுத்தியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாட்டுக்காகப் பதவியைத் துறந்த மாதிரி ஒரு நிறைவு.

முதல் சில நாட்கள் எல்லாம் ஜோராக நடந்தது. பொழுது விடியும், முறை நகரும், கதவு திறக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்தால் ‘சைன்டிஸ்ட்’ என்றார்கள். முறை எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அம்மா கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு மேலே போய், நாலு பாய் அகலத்துக்கும் தனியாக வடாம் இட்டுவிட்டு வந்தாள். மறுநாள் பத்மஜா ஆன்ட்டியின் முறை. அவர் கணக்குப் பார்த்து, மாங்காயை நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு ஜாடியில் ஊற வைத்திருந்தார். மூன்றாம் நாள் பிழிந்து வெயிலில் போட்டே ஆக வேண்டும். விஜயவாடாவில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வருஷம் முழுக்க அந்த மாகாய்தான்.

மறுநாள் விடிந்தது, முறை நகரவில்லை.

என்ன ஆயிற்று என்றால், உலகத்தில் எங்கோ யாரோ பொம்மைப் படம் போட்ட ஒரு டிஜிட்டல் காசை வெளியிட்டிருக்கிறார்கள். அதை வாங்க ஜனங்கள் முட்டி மோதியதில் கட்டணம் எகிறிவிட்டது. எழுப்புகிறவர் வந்தார், நான் எழுதி வைத்திருந்த பாதி விலையைப் பார்த்தார், போய்விட்டார். இவர் திரும்பி வரவில்லை.

ஆன்ட்டி மாங்காய்த் தட்டோடு மேலே போய்ப் போனைக் காட்டியிருக்கிறார். சிவப்பு விளக்கு. மறுபடி காட்டியிருக்கிறார். சிவப்பு. இறங்கி வரும்போது எங்கள் வாசலில் நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தார், எங்கள் கதவைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த நாளும் எங்கள் முறைதான், அதற்கடுத்த நாளும். யாருக்கும் அதிகாரம் இல்லாத ஓர் ஏற்பாடு என்று நான் போர்வையில் படம் காட்டினேனே, அந்த ஏற்பாடு மொத்த அதிகாரத்தையும் கொண்டுவந்து என் அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு உறங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர்கள் அம்மாவைத் தேடினார்கள். டிஷ் ரிப்பேர்க்காரர் அம்மாவைத் தேடினார். லிஃப்டில் எனக்கு இடம் விட்டார்கள், மரியாதையால் இல்லை.

ஆபீசில் என் டீம் லீடரிடம் போய் நின்றேன். அவர் என் கான்ட்ராக்டை முழுக்கப் படித்தார். “திருத்தும் அதிகாரம் இல்ல. வேற யாரும் எழுப்பவும் முடியாது. விலையையும் ஏத்த முடியாது. ரொம்பப் பாதுகாப்பா எழுதியிருக்கேம்மா” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். இன்று வரை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆன்ட்டி மாங்காயைத் தன் பால்கனியில் பரப்பினார். அந்தப் பால்கனிக்கு வெயில் எட்டிப்பார்க்கவும் வராது. ஊறின மாங்காயின் புளித்த வாடை எங்கள் வாசல் வரை வந்தது. ஆன்ட்டி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அம்மா கதவைத் திறந்துவிட்டிருப்பாள், ஆனால் ஆன்ட்டி கேட்கவில்லை. ஆன்ட்டி கேட்காமல் அம்மா கூப்பிடவில்லை. நான் நடுவில் நின்றேன். அவர்கள் பேசாமலே காரியம் நடக்க வேண்டும் என்று நான் செய்த ஏற்பாட்டில், பேசினால்தான் காரியம் நடக்கும் என்று ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, கோபமாகக் காட்டிக்கொண்டேன்.

ஞாயிறு அவசரக் கூட்டம். பூட்டை உடைப்பது என்று ராவ் அங்கிள் தீர்மானம் கொண்டுவந்தார். நான் எழுந்து நின்று எதிர்த்தேன். “உடைக்கக் கூடாது. கான்ட்ராக்ட் சரியாத்தான் இருக்கு. கட்டணம் இறங்கினதும் அதுவா நகரும்.”

“எப்போ இறங்கும்?”

“அது உலக நிலவரத்தைப் பொறுத்தது அங்கிள்.”

கூட்டம் சிரித்தது. பத்மஜா ஆன்ட்டி சிரிக்கவில்லை. “என் முறைக்கு முந்தின நாளு நின்னுச்சு. உங்க வீட்டுல வந்து நின்னுச்சு. நானே நினைச்சாலும் மாத்த முடியாதுன்னே. இப்ப இன்னா சொல்றே? அந்தக் கம்ப்யூட்டருக்கு உங்கம்மா வடாம் மேல ஆசையா?”

நான் பதில் சொல்வதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“என் பொண்ணு முட்டாள்தனம் பண்ணிக்கீறா. ஹவ், ஆமா, ஒத்துக்கறேன். ஆனா திருட்டுத்தனம் பண்ணல. நீ பெத்தா மாதிரி வளத்தவதானே இவ, உனக்குத் தெரியாது?” பிறகு ராவ் அங்கிளைப் பார்த்தாள். “பூட்ட உடைக்க நக்கோ. என் பொண்ணு செஞ்சது அது. தெனம் வெடிகாலைல நான் போய்த் தொறக்கறேன். யாருக்கு வேணுமோ வரட்டும். எதுக்கு வந்தேன்னு யாரையும் நான் கேக்கமாட்டேன்.”

முட்டிவலிக்காரி. லிஃப்ட் மூன்றாம் மாடியோடு நின்றுவிடும், மாடிக் கதவுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். முட்டாள் என்று ஊரறியச் சொன்னதற்கு அன்றைக்கு எனக்கு அம்மாவின் மேல் ஆத்திரம். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன், அம்மாவிடம் சொல்ல மாட்டேன்.

அன்றிலிருந்து தினமும் விடியற்காலையில் அம்மா ஏறிப் போய்ப் போனைக் காட்டிக் கதவைத் திறந்தாள். நான் எதைத் தானாக நடக்கவைக்க உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் கூட்டிவந்தேனோ அதை அம்மா ஒரு நாள் தவறாமல் தன் காலால் நடத்தினாள். முதல் நாள் ஆன்ட்டி பேசாமல் மாங்காயோடு வந்து, தொட்டி ஓரத்தில் ஒதுங்கிப் பரப்பியிருக்கிறார்.

“அங்க நிழல் விழும். இப்பிடிப் போடு” என்றாளாம் அம்மா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

“உன் வடாம் பக்கத்துல எனக்கு எதுக்கும்மா?”

“மாங்காய்ல இன்னா தூளா கீது, பறக்கறதுக்கு?”

பாதி மாங்காய் அழுகிப்போயிருந்தது. மீதி பாதியைக் காப்பாற்றினார்கள். அதன் பிறகு இருவரும் தினமும் பேசினார்கள், அதாவது தினமும் சண்டை போட்டார்கள், காக்காய் விரட்டும் முறையைப் பற்றி, உப்பைப் பற்றி, பெரும்பாலும் என்னைப் பற்றி. ஆனாலும் நான் ஏமாற்றினேன் என்கிற நினைப்பை மட்டும் ஆன்ட்டி விடவில்லை. “சரோஜக்கா, உன் பொண்ணு உனக்காகப் பண்ணினது. பண்ணட்டும். எனக்கு ஒரு பொண்ணு பக்கத்துல இருந்தா எனக்கும் பண்ணும்” என்பார். மன்னித்துவிட்டார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கிடைப்பது போல் எரிச்சல் வேறில்லை. நான் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், “அது நகரும் ஆன்ட்டி, பாருங்க” என்பேன். ஆன்ட்டி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார்.

அடுத்த கோடை வந்தது. அந்த வருஷத்து முதல் வடாமுக்காக அம்மா கொதிக்கக் கொதிக்கக் கூழை எடுத்துக்கொண்டு மேலே போனாள். போனைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. கீழேயிருந்த எனக்குப் போன் செய்து, “இன்னாடி பண்ணி வெச்சே?” என்றாள். நான் பிளாக்செயினைத் திறந்து பார்த்தேன். கட்டணம் விழுந்திருந்தது. பாதி விலைக்கும் கீழே. ஒரு வருஷமாக வராத ஆட்டோ திரும்பி வந்து, என் கான்ட்ராக்டைத் தட்டி எழுப்பியிருந்தது. கண் விழித்த கான்ட்ராக்ட், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல், அடுத்த வீட்டுக்கு முறையைக் கொடுத்திருந்தது.

நான் இரவு உடையோடு ஓடி எதிர்க் கதவை இடித்தேன். “ஆன்ட்டி, உங்க முறை. வாங்க. நகந்துடுச்சு.”

ஆன்ட்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தார், போனைக் காட்டினார். பச்சை விளக்கு. கதவு ‘க்ளிக்’ என்றது. அவர் அதைத் தள்ளித் திறக்கவில்லை. பச்சை விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ நீ மாத்தல” என்றார்.

“மாத்தவே முடியாதுன்னு சொன்னேனே ஆன்ட்டி.”

“அய்யோ ராமா” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக அவர் என்னை எவ்வளவு பெருந்தன்மையோடு மன்னித்து வந்தார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அம்மா கூழ்ப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பு இல்லை, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்து, முடியாமல், ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்த சிரிப்பு. சிரித்து முடிப்பதற்குள் கூழ் பாத்திரத்திலேயே இறுகிக் கட்டியாகிவிட்டது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள், இந்தத் தடவை இருவரும் சேர்ந்து, ஒரே குரலில்.

அந்தப் பூட்டு இன்றும் இருக்கிறது. கான்ட்ராக்டும் இருக்கிறது. கட்டுப்படியாகும் நாளில் எழுந்து, முறையை ஒரு வீடு நகர்த்திவிட்டுத் தூங்கிவிடும். இன்றைக்கு யார் முறை என்று பார்த்து அந்த வீட்டுக்காரரை எழுப்பிக்கொண்டு போய்த் திறக்கச் சொல்வது அம்மா, ஆன்ட்டி இருவரின் விடியற்கால வேலை. அதில் அவர்களுக்கு இருக்கும் உற்சாகத்தைப் பார்த்தால், யார் வீட்டுத் தூக்கத்தையும் கெடுக்க உரிமை கிடைத்ததற்கு எனக்குக் கோயில் கட்டலாம்.

ரொம்ப நாள் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், கடைசியில் சரி என்று தலையாட்டிய அன்று, அம்மா எதிர்க் கதவைத் தட்டி, “பத்மஜா, நம்ம கான்ட்ராக்ட் முழிச்சிக்கிச்சு” என்றாள்.

“யாரு எழுப்பினது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஒருத்தன் வந்தான். பாதி விலைக்கு ஒத்துக்கினான்.”

எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் கணவரை இப்போது இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள். அவரும் சாஃப்ட்வேர்க்காரர்தான். என் புரோகிராமை முழுக்கப் படித்துப் பார்த்து, அதில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில் இருக்கும்போது சொன்னார், ஆனாலும் சொன்னார்.